மெழுகிலேயே சொல்லிவிடுங்கள்!

சிவன் கோயில் பிராகாரத்தில் 63 நாயன்மார்களும் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், எலும்பும் தோலுமாக. காரைக்காலில் வாழ்ந்த புனிதவதி, நம் காரைக்கால் அம்மையார்!

இளமையும் அழகும் வேண்டாம், பேயுருவே போதும் என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர் அவர். ஆனி மாதம் மாங்கனி இறைக்கும் ஊருக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அந்த உருவத்தை வார்க்கும் ஸ்தபதியின் பாட்டை யோசித்திருக்கிறீர்களா? விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்க வேண்டும். பார்ப்பவருக்குப் பயமும் வரக் கூடாது. முகத்தில் ஆனந்தம் தெரிய வேண்டும்.

13-ம் நூற்றாண்டில் வார்த்த அம்மையார் செப்புத்திருமேனிகள் இரண்டு இப்போது அமெரிக்காவில் இருக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது சுமார் 23 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது சுமார் 41 செ.மீ. இருவர் கையிலும் தாளம். ஆனாலும், ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை. இந்த வார்ப்பு முறையில் ஓர் அச்சிலிருந்து ஓர் உருவம்தான் பிறக்கும்.

சுவாமிமலையில் இன்றும் அதே முறைதான். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கை, கால், உடல் என்று தனித்தனியாகப் பிடிப்பார்கள். இளகாமல் இருக்கத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். பிறகு சூடான இரும்பால் ஒட்டி முழு உருவமாக்குவார்கள். அதன்மேல் நைஸான வண்டல் மண் பூச்சு. காரைக்காலில் கடலில் கலக்கிறதே அரசலாறு, அதை அனுப்பிவைக்கும் காவிரி கொண்டுவந்து சேர்த்த மண்! இமையின் கோட்டைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். அது நிழலில் காய்ந்ததும் வயல் களிமண், மணல் கலந்த பூச்சு. பெரிய உருவமென்றால் கம்பிக்கட்டு.

வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். பெரும்பகுதி செம்பு; அதோடு பித்தளை, ஈயம், வெள்ளியும் தங்கமும் துளித்துளி. ஆறியதும் மண்ணை உடைத்தெடுப்பார்கள். அச்சின் கதை அதோடு சரி.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வேறு வழி. அங்கே மண்பெட்டியில் மாதிரியைப் பதித்து எடுத்து வார்ப்பார்கள். மாதிரி பத்திரமாக இருப்பதால் அதே விளக்கைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். பாகம் பாகமாக வார்த்துக் கடைந்து, திருகிச் சேர்ப்பார்கள். மெழுகு வார்ப்பு விலை கூடுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பூஜை அறைக்கு அம்மையார், ஊஞ்சலுக்கு யானை முகம், கண்ணாடி மேசைக்கு வெண்கலத்தில் சிங்கக்கால்... எதை மெழுகு முறையில் சொல்லிச் செய்தாலும் சில விஷயங்களை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரம் சொல்லும்போது பீடத்தோடு சேர்த்தா, தனியாகவா? இதைத் தெளிவாகப் பேசாவிட்டால் மாடத்துக்குள் சிலை நுழையாது. ஆறும்போது உலோகம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு சுருங்கும். எனவே, மேசைக்கால் என்றால் வார்த்து முடித்த பிறகு வர வேண்டிய அளவைச் சொல்லுங்கள்.

எடைக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. உலோகம் மெழுகைப்போல் சுமார் 9 மடங்கு கனம். மெழுகு உருவம் 2 கிலோ என்றால், சிலை ஏறக்குறைய 18 கிலோ. அலமாரித் தட்டு தாங்குமா? உள்ளே கெட்டியாக வார்ப்பது ஒரு வகை. நடுவில் மண் வைத்து, மேலே மட்டும் மெழுகு பூசிப் பொள்ளலாக வார்ப்பது இன்னொரு வகை. எதைச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து எடையும் விலையும் மாறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மெழுகு உருவத்தை நேரில் பார்ப்பது. மூக்கு கொஞ்சம் தூக்கலா? கன்னம் ஒட்டவில்லையா? மெழுகில் அது ஒரு சிட்டிகை வேலை. உலோகமான பிறகு உளியால் செதுக்கி எடுக்கலாமே தவிர, விட்டுப்போனதைச் சேர்ப்பது பெரும்பாடு. மறுபடி முதலிலிருந்து மெழுகு பிடிக்க வேண்டியதுதான். கூலியும் காத்திருப்பும் இரட்டிப்பு. அதற்காக வரும் மனஸ்தாபம் தனி!

வாட்ஸ்அப் படத்தை மட்டும் பார்த்து ‘ஓகே’ சொல்லிவிடாதீர்கள். படத்தில் முகம் தெரியும், முதுகு தெரியாது. சுற்றி வந்து பாருங்கள். மேசைக்கால் என்றால் நான்கையும் சமதரையில் நிறுத்தி ஒரே உயரமா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். காரைக்காலிலிருந்து சுவாமிமலை ஏறத்தாழ 60 கி.மீ.தானே!