மேடு அகன்றால் போதுமா?

2025 மார்ச்சில் ஹவுராவின் பெல்காச்சியா குப்பைமேட்டையொட்டி நிலம் உள்வாங்கியது. வீடுகள் பிளந்தன. குடிநீர்க் குழாய் உடைந்து நகரின் பெரும்பகுதி தண்ணீருக்குத் தவித்தது. மேட்டின் அடிவாரத்தில் குடியிருந்தோர் ஏழை உழைப்பாளிகள். அவர்கள் முறையிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்கூட இல்லை. மாநகராட்சியின் பதவிக்காலம் 2018 டிசம்பரிலேயே முடிந்திருந்தது.

குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றும் 'பயோமைனிங்' முறையையே தீர்வாக அரசு முன்வைக்கிறது. தேவையான பணிதான். ஆனால் பல்லாண்டுகளாகக் குப்பையிலிருந்து கசிந்து மண்ணுக்குள் இறங்கும் சாறு, லாரியில் ஏற்றி அகற்றக்கூடிய பொருளன்று.

மண்ணை அகழாமல், மாசு கிடக்கும் இடத்திலேயே நுண்ணுயிரிகளைக் கொண்டு தூய்மைப்படுத்தும் முறை ஒன்று உண்டு. எண்ணெயையும் பல கரிமச் சேர்மங்களையும் உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே வாழ்கின்றன. அவற்றுக்குக் குறைவாக இருப்பவை ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை. இவற்றைக் கிணறுகள் வழியே நிலத்தடிக்குச் செலுத்தினால் போதும். 1989 இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த அலாஸ்காக் கரைகளில் உரம் தெளித்ததும் இதே கணக்கில்தான்.

இத்துறையோடு ஹவுராவுக்கும் உறவு உண்டு. பேலூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாமந்திரில் பயின்ற ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார். 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நால்வருக்கு எதிராக ஐவர் என்ற பெரும்பான்மையில், அந்த உயிரிக்குக் காப்புரிமை பெறலாம் எனத் தீர்ப்பளித்தது. கடலில் அது இறக்கப்படவேயில்லை. உயிரைத் தனியுடைமையாக்கும் கதவு மட்டும் மூலதனத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

நுண்ணுயிரிகள் மந்திரக்கோலும் அல்ல. ஈயம், குரோமியம் போன்ற தனிமங்களை எந்த உயிரியும் அழித்துவிட முடியாது. ஆறாம் நிலைக் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்றாம் நிலைக்கு மாற்றி மண்ணிலேயே முடக்கலாம், அவ்வளவே. மூடப்பட்ட ஆலையொன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவோடு இன்றும் போராடும் ராணிப்பேட்டை மக்களுக்கு இது புதிய செய்தியன்று. எனவே நிலத்தடியில் இருப்பது எது என்று அறியாமல் எம்முறையையும் தேர்ந்தெடுக்க இயலாது.

இங்கேதான் ஒன்றிய அரசின் சூழ்ச்சி வெளிப்படுகிறது. 2025 ஜூலையில் அது வெளியிட்ட மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள், மாசுபடுத்தியவரிடமிருந்தே சீரமைப்புச் செலவை வசூலிக்க வகைசெய்கின்றன, வரவேற்கத்தக்கது. அப்போது நாடெங்கும் அடையாளம் காணப்பட்டிருந்த 103 இடங்களில் ஏழில் மட்டுமே பணி தொடங்கியிருந்தது. ஆயினும் பணியை முடிக்கக் காலக்கெடு எதையும் விதிகள் வரையறுக்கவில்லை. நகரக் குப்பைக் கிடங்குகளோ வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. அங்கே வேறு நச்சுப் பொருள் கலந்து, அளவு மீறியதாக உறுதிப்பட்டால் மட்டுமே விதிகள் பொருந்தும்.

வார்ப்பாலைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் நிறைந்த ஊர் ஹவுரா. பெல்காச்சியாவின் மண்ணையும் ஆழ்குழாய் நீரையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உடனே சோதித்து, முடிவுகளை வங்காளத்திலும் இந்தியிலும் அப்பகுதி மக்கள் முன் வைக்க வேண்டும். மறுகுடியமர்த்தல் குறித்த எந்தப் பேச்சும் அதன் பிறகே தொடங்கலாம்.