ஆணை கேட்கும் இல்லறம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தின் நூலக அறையில் அன்பர்கள் ஏழெட்டுப் பேர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பட்டிமன்றம் தொடங்கச் சிறிது நேரம் இருந்தது. ‘போல்டார்க்’ என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்பற்றிப் பேச்சு எழுந்தது. பிள்ளைகள் வாயிலாக அது நம்மவர் வீடுகள் பலவற்றினுள்ளும் நுழைந்துவிட்டது. என் வீட்டிலும் மருமகள் பார்க்கத் தொடங்கிய தொடரை முடித்துவைத்தவன் நான்தான். கூடியிருந்தோருள் மூத்தவர் ஒருவர் தீர்ப்புரைப்பவர்போல் சொன்னார்: “பொய் சொன்ன மனைவி மாண்டாள், உண்மை பேசிய தம்பதியர் வாழ்ந்தனர். கதை அவ்வளவே.” எல்லாரும் தலையசைத்தனர். எனக்கு அன்றே மறுக்கத் தோன்றிற்று. மணி அடித்துவிட்டமையால் எழுந்துபோக நேர்ந்தது. அங்கே சொல்லாமற்போன மறுப்பை இம்மலரில் எழுதுகிறேன்.

தொடரைப் பாராத அன்பர்க்குச் சில சொற்கள். வின்ஸ்டன் கிரஹாம் 1945 முதல் 2002 வரை எழுதிய பன்னிரண்டு நாவல்களே இதற்கு மூலம். பி.பி.சி. நிறுவனம் 1975 இல் ஒரு முறையும், 2015 முதல் 2019 வரை மறுமுறையும் இதனை நாடகமாக்கியது. கதை நிகழும் களம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செம்பும் வெள்ளீயமும் தோண்டிய கார்ன்வால் கடற்கரை. அமெரிக்கப் போரிலிருந்து திரும்பும் ராஸ் போல்டார்க், தான் விரும்பிய எலிசபெத் தன் பெரியப்பன் மகன் பிரான்சிசை மணக்கவிருப்பதை அறிகிறான். பின்னர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகளும் தன் வீட்டுச் சமையற்கட்டில் வேலை செய்தவளுமான டெமெல்சாவை மணக்கிறான். பிரான்சிஸ் சுரங்க நீரில் மூழ்கி இறக்க, எலிசபெத் ராசின் பகைவனான ஜார்ஜ் வார்லெகன் என்னும் வங்கிச் செல்வனை மணக்க இசைகிறாள். அச்செய்தி கேட்ட இரவில் ராஸ் அவள் வீடு சென்று, அவள் அறைக்குள் புகுகிறான். எலிசபெத்துக்கும் ஜார்ஜுக்கும் திருமணமான எட்டாம் திங்களில் ஒரு மகன் பிறக்கிறான்.

ஓர் இரவின் நிழல் இரண்டு வீடுகளின்மேல் விழுகிறது. நாம் ஒப்பிட வேண்டியது அவ்விரு வீடுகளைத்தான்.

நம் மூத்தவர் போற்றிய ‘உண்மை பேசிய’ ராசை முதலில் எடுத்துக்கொள்வோம். அவன் வைகறையில் வீடு திரும்புகிறான். எங்குச் சென்றான் என்பது மனைவிக்குத் தெரியும். அவள் ஓங்கி அறைந்து அவனைத் தரையில் வீழ்த்துகிறாள். (2016 இல் இக்காட்சிகள் ஒளிபரப்பானபோது, முந்தைய இரவில் நடந்தது இசைவா வன்முறையா என்று இங்கிலாந்தில் பெரும் வாதம் எழுந்தது. நாவலைப் படித்தவர்க்கு ஐயம் குறைவு.) தொடரின் அந்தப் பகுதி முடியுமுன் அவன் மனம் திறந்து பேசுகிறான், அவள் மெல்ல மெல்ல மன்னிக்கிறாள். நன்று. ஆனால் அந்த உண்மைக்கு அவன் கொடுத்த விலை என்ன? வீடு போயிற்றா? பிள்ளை போயிற்றா? ஊரார் அவனோடு உண்பதை நிறுத்தினரா? சட்டையின்றி அரிவாள் வீசிப் புல்லறுத்த அழகனை உலகம் கொண்டாடிய கொண்டாட்டத்தில், எவரும் கேளாத கேள்வி இது. உண்மை பேசுவது அவனுக்கு எளிதாயிருந்தது. கேட்டபின்னும் உடன் வாழக்கூடிய ஒருத்தி எதிரே நின்றாள்.

டெமெல்சாவும் மறைத்தவள்தான். இதனை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். பிரான்சிசின் உடன்பிறந்தவளான வெரிட்டி, குடும்பத்தார் வெறுத்த கப்பல் தலைவன் பிளாமியை மணப்பதற்குக் கணவனுக்குத் தெரியாமல் தூது நடத்தியவள் அவள். அதைச் செய்தவன் ராஸ் என்று தவறாக எண்ணிய பிரான்சிஸ், செம்புக் கூட்டுநிறுவனத்தின் இரகசியப் பங்காளர் பெயர்களை ஜார்ஜிடம் சொல்லிவிட, அந்நிறுவனமே சரிந்தது. தன் பொருளும் நண்பர் பொருளும் அழியக் காரணமான செய்தியை ராஸ் அவள் வாயாலேயே கேட்டான், கடுஞ்சினம் கொண்டான், ஆனால் அவளைப் படியிறங்கச் சொல்லவில்லை. பின்னாளில் ஹியூ ஆர்மிட்டேஜ் என்னும் கடற்படை இளைஞனிடம் அவள் மனம் சென்றபோதும் அவ்வீடு குலைந்துபோகவில்லை. பொய்யும் மறைவும் புகாத வீடன்று அது. உண்மை வெளிவந்தாலும் கூரை இடிந்து விழாது என்ற உறுதி இருவர்க்கும் இருந்த வீடு.

இனி டிரென்வித் மாளிகைக்கு வருவோம். அங்கே கணவன் கணக்கன். கடன் பத்திரங்களைப் புரட்டிய அதே கண்ணால் மனைவியையும் பார்க்கிறான். நூறாண்டு நிறைவதாகக் களித்திருந்த கிழவி அகதாவின் பிறந்தநாள் விழாவை, பதிவேட்டைப் பார்த்து வயது தொண்ணூற்றெட்டே என்று சொல்லி நிறுத்துகிறான். கிழவி சாகுமுன் பழி தீர்க்கிறாள்: அந்தக் குழந்தை குறைமாதப் பிள்ளையன்று என்று சொல்லிவிடுகிறாள். அன்று முதல் அவன் வாலண்டைனை ஏறெடுத்துப் பாராதவனாகிறான். நாவலில் எலிசபெத் விவிலியத்தின்மேல் கைவைத்து ஆணையிடுகிறாள்: பிரான்சிசுக்கும் ஜார்ஜுக்குமன்றி வேறெவர்க்கும் தன்னைக் கொடுத்ததில்லை என்பது அதன் பொருள். கொடுத்ததில்லை என்பது உண்மையே. எடுத்துக்கொள்ளப்பட்டதுபற்றி அந்த ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. சொற்களின் இடுக்கில் உயிர் தப்ப முயன்றவளைப் பொய்யள் என்று நம் மூத்தவர் தீர்ப்பிடுகிறார்.

அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று அவரை எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். வாலண்டைன் பெயரிழந்த பிள்ளையாவான். அவள் வீடிழப்பாள். தன் அறைக்குள் புகுந்தவன் செய்ததற்குத் தான் தண்டம் செலுத்துவாள். அத்தகைய வீட்டில் உண்மை பேசு என்று மனைவிக்கு அறிவுரை சொல்வது, நீந்தத் தெரியாதவளைக் கிணற்றடிக்கு அழைத்துச்சென்று துணிவுபற்றிச் சொற்பொழிவாற்றுவதை ஒக்கும்.

ஆணையும் போதவில்லை. ஐயம் உறங்கும், விழிக்கும். மீண்டும் கருவுற்றபோது எலிசபெத் இலண்டனில் ஒரு மருத்துவனை இரகசியமாகக் கண்டு, பேறு முந்திவரச் செய்யும் மருந்தை வாங்கிவந்து குடிக்கிறாள். குறைமாதத்தில் பிறப்பது தன் உடலின் இயல்பு என்று கணவன் நம்பவேண்டும். அதனால் மூத்தவன் தப்பவேண்டும். உர்சுலா பிறக்கிறாள். தாய் இறக்கிறாள். ‘பொய் சொன்னவள் மாண்டாள்’ என்ற அந்த ஒருவரித் தீர்ப்பை இந்தப் படுக்கையருகே நின்று சொல்ல எவர்க்கு நா எழும்? சான்று கேட்டவனுக்குச் சான்று காட்டி மாண்டாள் என்பேன் நான்.

ஜார்ஜ் வஞ்சிக்கப்படவில்லையா என்று கேட்பார் உளர். வஞ்சிக்கப்பட்டான், மறுக்கவில்லை. தன் மகனா என்று அறியாமல் ஒரு தந்தை படும் துயர் சிறிதன்று. ஆனால் அத்துயருக்கு மருந்தாக அவன் நாடியவை எவை? கிழவியின் சொல், ஆணை, நாள் கணக்கு. மனைவியின் அருகமர்ந்து, ‘நடந்தது எதுவாயினும் நீயும் பிள்ளையும் என்னுடையவர்’ என்று ஒரு முறை சொன்னபின் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடும். நம்பிக்கை முன்னே சென்றால்தான் உண்மை பின்னே வரும் என்பது என் துணிபு. நம்மவரோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மெய்ப்பித்துக் காட்டு, பிறகு நம்புகிறேன் என்கின்றனர்.

மருத்துவன் டுவைட் ஏனிசும் கரோலினும் மூன்றாவது இணை. தம் பெண்குழந்தையின் இதயம் பழுதுற்றது என்பதை டுவைட் அறிகிறான். மனைவியிடம் சில காலம் மறைக்கிறான். மறைத்தது சரியா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை; தாய்க்கு அறியும் உரிமை உண்டு. ஆயினும் அந்த மறைவை ஜார்ஜ் வீட்டு மறைவோடு எவரும் ஒரே தட்டில் வைக்கமாட்டார். ஒளிவுமறைவின்மை ஒன்றே வாய்மை எனில், வள்ளுவர் தீங்கின்மையை அளவுகோலாக்கியதும், குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் இடத்தைத் தந்ததும் வீண்பேச்சாகிவிடும்.

2019 இல் வந்த இறுதிப் பகுதியில் ஜார்ஜ் மனம் பேதலித்து, இறந்த மனைவியைக் கண்முன் காண்கிறான், அவளோடு பேசுகிறான். அதைப் பார்த்து, “இவையெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுக் கூத்து, நம் இல்லங்களில் ஏது?” என்றார் இன்னோர் அன்பர். அவருக்காகவே இதனையும் எழுத நேர்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே நகரில் நம்மவர் வீடொன்றுக்கு என்னை அழைத்திருந்தனர். புதிதாக மணமாகி ஊரிலிருந்து வந்த பெண். அவளைப்பற்றி ஊரிலிருந்து எவரோ ஏதோ சொல்லியனுப்ப, கணவர் ஆணை கேட்டார். பேசத் துணையாகத் தாய்வழி உறவு ஒருவர்கூட அப்பெண்ணுக்கு இந்நகரில் இல்லை. மொழி தெரியாத தெருவில் எங்கே போவாள்? பெரியவர்கள் என்று நாங்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். பூசை அலமாரியின்முன் கற்பூரம் ஏற்றினர். அவள் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். நான் காபித் தம்ளரைக் கையில் பிடித்தவாறு வாளாவிருந்தேன். கணவர் அமைதியுற்றார் என்றே அன்று எண்ணினோம்.

ஓராண்டு கழித்து மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை குலதெய்வத்தின் படத்தின்முன் என்றனர். அலுவலகத்தில் வேலை மிகுதி என்று சொல்லியனுப்பினேன். அன்று எனக்கு விடுமுறை.