பேசியது ஆவியன்று, கால்விரல்!

குறிகாரன் உடுக்கடித்து, “செத்துப்போன உன் பாட்டன் வந்திருக்கிறேன்” என்று கூவினால் எள்ளி நகையாடும் நம் படித்த பெருமக்கள், வெள்ளைக்காரர் மேசையைச் சுற்றியமர்ந்து, விளக்கைத் தணித்து, அதே கூத்தை ஆடினால் மட்டும் “ஆராய்ச்சி” என்று கைகட்டி நிற்கின்றனர். இவ்வாராய்ச்சி எங்கே, எவ்வாறு பிறந்ததென்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

1848ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் இரவு. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஹைட்ஸ்வில் என்னுஞ் சிற்றூரில் பாக்ஸ் என்பாரின் வாடகை வீடு. மார்கரெட், கேட் என்னும் அவர்தம் பெண்மக்கள் இருவரும் பதினைந்து வயதைக் கடவாதவர். அவர்கள் படுத்திருந்த அறையிலே “டக், டக்” என்றோர் ஓசை கேட்டது. வினவியதற்கெல்லாம் அவ்வோசை எண்ணித் தட்டி விடை பகர்ந்தது. தன்னை இவ்வீட்டிலே கொலையுண்ட ஒரு தலைச்சுமை வியாபாரியின் ஆவி என்றும் அறிவித்ததாம்! அயலார் திரண்டனர், மூத்த தமக்கை லியா முன்னின்று நடத்தினாள். அடுத்த ஆண்டு நவம்பர் 14இல் ராச்செஸ்டர் நகரத்துக் கொரிந்தியன் மண்டபத்திலே கட்டணம் வாங்கிக்கொண்டு ஆவியைத் தட்டச் செய்தனர். கொலையுண்டவனுக்கு நியாயம் கிடைத்ததோ இல்லையோ, வாயிலில் டிக்கெட்டு விற்பனையாயிற்று.

விதை விழுமுன்னரே நிலம் பண்பட்டிருந்தது. வானோருடன் உரையாடியதாக ஸ்வீடன்போர்க் எழுதிய நூல்கள் முன்பே பரவியிருந்தன. ஆவியுலகச் செய்திகளெனத் தாம் மயக்கநிலையிற் கூறியவற்றை ஆண்ட்ரூ ஜாக்சன் டேவிஸ் 1847இல் நூலாக்கியிருந்தார். 1844இல் மோர்ஸின் தந்தி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தட்டிச் செய்தி அனுப்பியிருந்தது. கம்பி வழியே ஊர்விட்டு ஊர் தட்டலாமென்றால், உலகம்விட்டு உலகம் தட்டலாகாதோ என்று சனங்கள் எண்ணினர்.

புரட்டு வெளிப்பட நெடுங்காலம் ஆகவில்லை. 1851இல் பபலோ நகரத்து மருத்துவர் மூவர், சகோதரியரின் கால்களை நீட்டிக் குதிகாலை மெத்தைமேல் வைக்கச் செய்தபோது ஆவி ஊமையாயிற்று. 1853இல் பாரடே என்னும் பேரறிஞர் சிறு கருவி அமைத்து, மேசையை நகர்த்துவது அதனைத் தொட்டிருப்போரின் கைகளே, அதனை அவர்தாமும் அறியார் என்று மெய்ப்பித்தார். இவ்விரண்டினும் பெரியது ஒன்றுண்டு. 1888ஆம் ஆண்டு அக்டோபர் 21இல் நியூயார்க் சங்கீத மண்டபத்திலே, நிறைந்த சபைமுன், மார்கரெட் தன் காலணியைக் கழற்றி ஒரு சிறு பலகைமேற் காலை வைத்தாள். மண்டபமெங்கும் “டக், டக்” என்றது! அது கால்விரல் மூட்டின் ஓசையே என்று மேடைக்கு வந்து பார்த்த மருத்துவர்களும் உரைத்தனர். தங்கை கேட் அங்கேயே வீற்றிருந்தாள், மறுத்தொன்றும் கூறினாளில்லை.

அடுத்த ஆண்டே மார்கரெட் தன் சொல்லைத் திரும்பப் பெற்றாள். பணத்திற்காக அன்று அவ்வாறு சொன்னாள் என்று அம்மதத்தார் வாதிப்பர். பணத்திற்காகப் பொய் சொல்லக்கூடியவள் என்று இவர்களே ஒப்பினால், நாற்பதாண்டு பணம் வாங்கித் தட்டியதை மாத்திரம் மெய்யென்று கொள்வது எங்ஙனம்? அன்றியும், அவள் வாயைத்தான் மாற்றினாள்; சபையோர் காதால் கேட்ட ஓசையை எவ்வாறு மாற்றுவது?

இத்துணைக்குப் பின்னும் இம்மதம் ஏன் சாகவில்லை? மாண்ட பச்சிளங் குழவியும், தெரிந்தெடுக்கப்படாததாயின், நரகம் புகும் என்று கால்வின் வழிப் போதகர் சிலர் அச்சுறுத்திய நாட்டிலே, “உன் மகவு சுகமாயிருக்கிறது, நித்திய நரகம் என்பதில்லை” என்று சொன்னவரைத் தாய்மார் தெய்வமாகக் கொண்டதில் வியப்பென்ன? 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரிலே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். வீடுதோறும் அழுகுரல்! மம்லர் என்னும் படக்காரர், உயிரோடிருப்பவரைப் படம்பிடித்துப் பின்னே இறந்தவரின் சாயலைத் தோற்றுவித்துக் காசாக்கினார். 1869இல் அவர்மீது வழக்கு நடந்தது. சான்று போதாமல் விடுபட்டார். பின்னர் ஆபிரகாம் லிங்கனின் கைம்பெண்ணையும் உட்காரவைத்து, தோள்மேற் கைவைத்த லிங்கனை அவருக்குக் காட்டினார். கணவனையும் மக்கள் மூவரையும் இழந்த அப்பெண்மணியை நாம் நகையாடோம். அவர் கண்ணீரில் வலை வீசியவரையே சாடுகிறோம்.

இனி, சீர்திருத்தம் பேசுவோரைச் சுடும் சங்கதிக்கு வருவோம். பாக்ஸ் சிறுமியரை முதன்முதல் ஆதரித்தோர் பாமரர் அல்லர். ராச்செஸ்டரில் ஐசக் போஸ்ட், ஏமி போஸ்ட் தம்பதியர் தப்பியோடிய அடிமைகளுக்குத் தம் வீட்டில் அடைக்கலம் அளித்த உத்தமர். அவ்வம்மையார் 1848 ஜூலையில் செனெகா பால்ஸ் மாநாட்டிலே பெண்ணுரிமை அறிக்கையில் ஒப்பமிட்டவர். குருமாரையும் நரகத்தையும் உதறியவர்கள் தட்டும் ஓசைக்குத் தலைவணங்கினர்! ஐசக் போஸ்டோ, ஆவிகள் எழுதுவித்தன என்று 1852இல் ஒரு நூலே வெளியிட்டார். அதில் வாஷிங்டனின் ஆவி அடிமை முறைக்காக வருந்துகிறது. அடிமை முறை கொடியது என்பதற்கு முதுகிலே கசைத்தழும்போடு அவர் வாயிலில் வந்து நின்றவன் சாட்சி போதாதோ? புரோகிதனை வெளியேற்றிய வீட்டிலே மீடியத்தைக் குடிவைத்தால், பூட்டு மாறியதேயன்றிச் சாவி நம் கைக்கு வந்ததாகுமோ?

இத்தொடர்பு நம் நாட்டையும் தீண்டாமற் போகவில்லை. 1874இல் வெர்மாண்டு மாகாணத்து ஒரு பண்ணைவீட்டில் ஆவிகள் தோன்றுவதைக் காணச் சென்றவிடத்தே ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் சந்தித்தனர். 1875இல் அவர்கள் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபையே 1882இல் சென்னை அடையாற்றுக்கு இருப்பிடம் மாற்றிற்று. குறிகாரனை இகழ்ந்த நம் படித்த பெருமக்களிற் பலர் அங்கே அங்கத்தினராயினர்.

கேட் 1892இலும், மார்கரெட் 1893இலும் குடியால் நலிந்து, வறுமையில் மாண்டனர். மார்கரெட் மறைந்த அதே ஆண்டிலே சிகாகோவில் ஆவி மதத்தாரின் தேசியச் சங்கம் நிறுவப்பெற்றது. 1899இல் அச்சங்கம் தன் கோட்பாடுகளை வகுத்தபோது, இறந்தோருடன் உரையாடல் என்பது விஞ்ஞான வாயிலாக நிரூபிக்கப்பட்ட உண்மை என்று அவற்றுள் ஒன்றாகப் பொறித்தது. பதினோராண்டுக்கு முன் நியூயார்க் மேடையிலே சபையோர் கேட்க ஒலித்த கால்விரலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.