ஆழ்கடலுக்கு மூச்சு எங்கிருந்து வருகிறது?

நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் கும்மிருட்டு. செடி இல்லை, பாசி இல்லை. ஆனாலும் அங்கே மீன்களும் புழுக்களும் வாழ்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் எப்படிக் கிடைக்கிறது?

அண்டார்டிகாவின் கரையில் நீர் உறைவதால்தான்!

கடல் நீர் உறைய மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். உறையும்போது பனிக்கட்டி உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அந்த உப்பு அடியில் இருக்கும் நீரில் கலக்கிறது. குளிர்ச்சியும் உப்பும் சேர்ந்தால் நீர் கனமாகி, கீழே இறங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பனி ஒருமுறை மூடிவிட்டால், அதுவே கம்பளிபோல் ஆகிவிடும். அடியில் இருக்கும் நீர் மேலும் உறைவது மந்தமாகும். பனியை அவ்வப்போது அப்புறப்படுத்த யாராவது வேண்டுமே?

அந்த வேலையைக் காற்று செய்கிறது. உயரமான பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் இறங்கிக் கடலில் பாய்கிறது. 1912-ல் அங்கே முகாமிட்ட டக்ளஸ் மாசனின் குழுவினர், காற்றுக்கு எதிராகச் சாய்ந்தபடியே நடக்கப் பழக வேண்டியிருந்தது. இந்தக் காற்று புதுப் பனியைத் தள்ளத் தள்ள, திறந்த நீர் மறுபடி உறைகிறது. குளிர்காலம் முழுக்க ஓயாமல் உப்பு இறங்குகிறது. இப்படிப் பனி மூடாமல் கிடக்கும் பரப்புக்கு ‘பொலினியா’ என்று பெயர்.

கனத்த நீர் முதலில் கரையோரக் கண்டத்திட்டின் பள்ளங்களில் தேங்கும். நிரம்பியதும் விளிம்பைத் தாண்டிச் சரிவில் வழியும். கண்ணுக்குத் தெரியாத கடலடி அருவி! மேற்பரப்பில் கலந்த ஆக்சிஜனையும் அது சுமந்து செல்கிறது. பிறகு மெதுவாக வடக்கே பரவி, இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் வரை வருகிறது.

இது நடப்பது ஒருசில இடங்களில்தான். வெடல் கடல், ராஸ் கடல், அடேலி கரை ஆகியவை முன்பே தெரிந்தவை. கேப் டார்ன்லியிலும் இது நடப்பதாக 2013-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். தலையில் கருவி பொருத்திய யானை சீல்கள் அதற்கு உதவின.

அடேலி கரையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மெர்ட்ஸ் பனியாறு, கடலுக்குள் நாக்குபோல நீண்டிருந்தது. மாசனின் பயணத்தில் 1913-ல் உயிரிழந்த சேவியர் மெர்ட்ஸின் பெயர் அதற்கு. கிழக்கிலிருந்து மிதந்து வரும் பனியை அந்த நாக்கு சுவர்போல் தடுத்தது. அதனால் மேற்கே பொலினியா திறந்தே இருந்தது.

2010 பிப்ரவரியில் ஒரு பெரிய பனிப்பாறை வந்து மோதியது. நாக்கு முறிந்தது, சுமார் 78 கிலோமீட்டர் நீளத் துண்டு மிதந்து போய்விட்டது. தடுப்பு போனதும் பனி உள்ளே புகுந்தது. புதுப் பனி உருவாவது குறைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அளந்தபோது, அங்கே திட்டின் மேலிருந்த நீரின் உப்பும் அடர்த்தியும் குறைந்திருந்தன.

ஒரு சுவர் உடைந்ததற்கே இந்த விளைவு. பூமி சூடாவதால் அண்டார்டிகாவின் பனியாறுகள் உருகிக் கடலில் நன்னீரைச் சேர்க்கின்றன. நன்னீர் கூடினால் உப்பு நீர்த்துப்போகும், நீர் கனம் இழக்கும், அருவி மெலியும். கரையில் உருகும் பனிக்கு, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருட்டில் வாழும் உயிர்கள் விலை கொடுக்க நேரிடும்.