நோக்கம் எழுதாத சோதனை

இயற்பியல் செய்முறைப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எது? 'நோக்கம்' என்னும் சொல். 'தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணல்' என்று எழுதிய பிறகுதான் தேவையான கருவிகள், வாய்ப்பாடு, செய்முறை எல்லாம் வரும். நோக்கம் எழுதாமல் ஊசலை ஆட்டிவிட்டு நிற்கும் மாணவனிடம், "என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்பது என் வழக்கம். "சும்மா ஆட்டிப் பார்க்கிறேன் சார்" என்பான். அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். பிறகு நோக்கத்தை எழுதச் சொல்வேன்.

இதே கேள்வியை என்னை நானே கேட்டுக்கொள்ளும் நிலை சென்ற ஆண்டு வந்தது. பருவத் தேர்வுச் சமயம். மறுநாள் எந்த அறையில் எனக்குக் கண்காணிப்புப் பணி என்று பார்க்க, இரவு எட்டரை மணிக்குக் கைப்பேசியில் எங்கள் ஆசிரியர் குழுவைத் திறந்தேன். யாருக்கோ பிறந்தநாள்; நானும் ஒரு வாழ்த்து அனுப்பினேன். அதன் கீழே ஒரு காணொளிக்கு இணைப்பு இருந்தது. அது முடிந்ததும் இன்னொன்று தானே ஓடத் தொடங்கியது. பழைய கிரிக்கெட் ஆட்டம், மலைப்பாதையில் லாரியைத் திருப்பும் ஓட்டுநர், குளிக்கும் யானைக்குட்டி... பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், குவிலென்சின் கதிர்ப்படத்தில் ஒரு சந்தேகத்துடன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒரு நிமிஷம்மா" என்றேன். நான் தலை நிமிர்ந்தபோது மணி பத்து. அவள் தூங்கிவிட்டிருந்தாள். பாதி வரைந்த படத்தோடு அவளுடைய நோட்டு என் நாற்காலியருகே திறந்தபடி கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறை எண்ணை நான் பார்க்கவே இல்லை! மறுநாள் காலை தேர்வு மண்டப வாசலில் நின்று, பட்டியலில் என் பெயரைத் தேடினேன்.

மாணவர்களே, உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கும். வீட்டுப்பாடம் என்ன என்று பார்க்க எடுத்த கைப்பேசி, வீட்டுப்பாடம் செய்யவேண்டிய நேரத்தை விழுங்கியிருக்கும். இதற்குக் காரணம் உங்கள் மனஉறுதியின் குறைவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தராசு தவறாகக் காட்டினால் தராசை ஆராய்கிறோம் அல்லவா? அப்படியே இந்தக் கருவியையும் முதலில் ஆராய்வோம்.

உங்கள் கையிலுள்ள இந்த இதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்கு இடைவேளையும் முடிவும் உண்டு. இணையப் பக்கங்களிலும் முன்பெல்லாம் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஒரு பேருந்து நிறுத்தம் போல. இறங்குவதா, தொடர்வதா என்று எண்ணிப் பார்க்க ஒரு கணம் கிடைக்கும். 2006-ஆம் ஆண்டில் ஏஸா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், அந்தப் பொத்தானே தேவைப்படாமல் பக்கம் கீழே நீண்டுகொண்டே போகும் ஒரு முறையை உருவாக்கினார். பயன்படுத்துவோரின் வேலையைக் குறைப்பதே அவர் எண்ணம். பல சமூக ஊடகங்கள் இம்முறையை எடுத்துக்கொண்டன. நிறுத்தமே இல்லாத பேருந்தில் நாம் ஏறியது இப்படித்தான். பிற்காலத்தில் ராஸ்கினே இதற்காக வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார்.

நிறுத்தம் இல்லை, சரி. ஆனால் ஏன் இறங்க மனம் வருவதில்லை? ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் புறாக்களையும் எலிகளையும் கொண்டு செய்த சோதனைகளை 1957-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டனர். கூண்டில் ஒரு வட்டத் தகடு இருக்கும். புறா அதைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒரு முறை தானியம் என்று நிலையாக வைத்தால், புறா தின்றுவிட்டுச் சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி வைத்தால், அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் அறவே நின்ற பிறகும் நெடுநேரம் கொத்தும். கைப்பேசித் திரையை விரலால் தள்ளுகிறோமே, அதில் பத்தில் ஒன்றோ இருபதில் ஒன்றோ நல்லதாக இருக்கும். எது என்று முன்கூட்டித் தெரியாது. புறாவுக்குச் சொன்னது மனிதனுக்கு அப்படியே பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், முற்றிலும் பொருந்தாது. ஆனாலும் அன்று இரவு எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் எனக்கும் புறாவுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. விளம்பரம் கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம். ஆகவே செயலிக்கு ஒரு நோக்கம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாதது நம்முடையதுதான்.

அப்படியானால் தொடாமலேயே இருந்துவிடலாமா? ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பலனைப் பொறுத்திருந்து பார்ப்போம். ஆனால் நம் ஊரில் பல பள்ளிகளின் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. ஒளியியலில் நல்ல பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. என் வகுப்புக்கே சிலவற்றைப் பயன்படுத்துகிறேன். 'நாளை முதல் தொடவே மாட்டேன்' என்னும் சபதம் மூன்றாம் நாள் முறிவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன், என்னுடையது உட்பட.

நான் சொல்ல வருவது இதைவிடச் சிறியது: திறப்பதற்கு முன் நோக்கத்தை எழுதுங்கள். ஒரே ஒரு வரி போதும். கைப்பேசி உறையின் பின்புறம் ஒரு துண்டுக் காகிதமும், பக்கத்தில் ஒரு பென்சிலும் இருக்கட்டும். வீட்டுக்கே ஒரு கைப்பேசிதான் என்றாலும் நல்லதே. அம்மாவும் அப்பாவும்கூட அதே காகிதத்தில் எழுதட்டும்!

நோக்கம் எப்படி இருக்கவேண்டும்? முடிந்துவிட்டதா, இல்லையா என்று சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். 'வேதியியல் வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்ள' என்பது நல்ல நோக்கம். குறித்ததும் முடிந்தது. 'குறைவாகப் பார்க்க' என்பது நோக்கமே அல்ல, எதைவிடக் குறைவு? பொழுதுபோக்கு நோக்கம் ஆகாதா என்றால், தாராளமாக ஆகும். 'இரண்டு பாட்டுக் கேட்க' என்று எழுதிவிட்டுக் கேளுங்கள். மூன்றாவது பாட்டு தானே தொடங்கும்போது, காகிதம் எதிரே இருக்கும்.

எழுதினால் மட்டும் நடந்துவிடுமா? கோல்விட்சர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். ஒன்றைச் செய்யவேண்டும் என்று பொதுவாக எண்ணுபவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்று பல ஆய்வுகளைக் கொண்டு காட்டினார். 'இரவுச் சாப்பாடு முடிந்ததும், கூடத்தில் உட்கார்ந்து, வகுப்புக் குழுவை மட்டும் பார்ப்பேன்' என்று எழுதுவது இவ்வகை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்து, அதன் முடிவுகளை 2018-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடம் மட்டும் பார்க்கவேண்டும்; மற்றவர்கள் வழக்கம்போல. மூன்று வாரங்களில் முதல் குழுவினரின் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற அச்சமும் இரண்டு குழுவிலுமே குறைந்தன! இரு குழுவினரும் தங்கள் பயன்பாட்டைப் படம் பிடித்து அனுப்பிவந்தார்கள். தம்மைத் தாமே கவனித்ததுகூடக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கவனிக்காத மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் உறுதியாகச் சொல்லலாம். நல்ல சோதனைக்கு அது ஏன் தேவை என்று உங்கள் அறிவியல் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு செய்முறை. திருகு அளவியைப் பயன்படுத்துமுன் அதன் சுழிப்பிழையைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோம் என்று மதிப்பிடும் நம் மனத்துக்கும் அப்படி ஒரு பிழை உண்டு. ஏழு நாள், ஒவ்வோர் இரவும், இன்று எத்தனை நிமிடம் பார்த்தேன் என்று முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகுதான் கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, அது பதிந்து வைத்துள்ள நேரத்தைப் பார்க்கவேண்டும். முதலிலேயே எட்டிப் பார்த்தால் சோதனை கெட்டுவிடும். இரண்டையும் எதிரெதிரே எழுதி, ஏழு வேறுபாடுகளின் சராசரியைக் காணுங்கள்.

என் முதல் நாள் ஊகம் 40 நிமிடம். கைப்பேசி காட்டியது 1 மணி 55 நிமிடம். ஒரு கணம் கருவியையே சந்தேகித்தேன்; கைப்பேசியை மாற்றிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஏழாம் நாள் வேறுபாடு 20 நிமிடமாகக் குறைந்திருந்தது. என் காகிதத்தில் அந்த வாரம் நோக்கம் எழுதாமல் விட்ட வரிகள் ஒன்பது. அவற்றில் ஆறு, இரவு ஒன்பது மணிக்கு மேல். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் கைப்பேசி அலமாரியில் இருக்கிறது. மேசையில் மகளின் நோட்டு. குவிலென்சு முடிந்து குழிலென்சுக்கு வந்திருக்கிறோம்.

உங்களுக்குச் சராசரி எவ்வளவு வந்தது? கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதையும் சேர்த்து, ஓர் அஞ்சலட்டையில் இதழின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் எழுத வெட்கமாக இருந்தால் வகுப்பை மட்டும் எழுதினால் போதும்.