அரபு கற்போம்: காலத்தைக் குறிக்கும் சொற்கள்

 

அரபு பேசுவது நமக்கு எட்டாத காரியம் என்று எண்ணித் தயங்குவோர் பலர். ஆனால் காலத்தைக் குறிக்கும் அரபுச் சொற்கள் பல நம் நாவில் முன்னரே குடியிருக்கின்றன. தொழுகைக்குரிய 'வக்து' என்பதன் பொருள் நேரம். சூரத்துல் ஃபாத்திஹாவில் ஓதும் 'யவ்ம்' நாளைக் குறிக்கும். லைலத்துல் கத்ரில் உள்ள 'லைலத்' இரவாகும்.

இவற்றோடு அன்றாடப் பேச்சுக்குரிய நான்கு சொற்களைச் சேர்த்துக் கொள்வோம். அல்யவ்ம்: இன்று. அம்ஸ்: நேற்று. கதன்: நாளை. அல்ஆன்: இப்பொழுது. நாளை என்பதை அரபு நாடுகள் பலவற்றின் பேச்சு வழக்கில் 'புக்ரா' என்பர்.

ஞாயிறு முதல் வியாழன் வரையிலான கிழமைப் பெயர்கள் எண்களிலிருந்து பிறந்தவை. அல்அஹத், அல்இஸ்னைன், அஸ்ஸுலஸா, அல்அர்பிஆ, அல்கமீஸ் என்பன முறையே ஒன்று முதல் ஐந்து வரை சுட்டும். மக்கள் ஒன்றுகூடும் நாள் அல்ஜுமுஆ. அடுத்து வரும் சனி, அஸ்ஸப்த்.

இரவைக் குறிப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். இஸ்லாமியக் கணக்கில் நாள் மஃரிபில் பிறக்கிறது. ஆகவே 'லைலத்துல் ஜுமுஆ' என்பது வியாழன் மாலைக்குப் பின் வரும் இரவு. நம் பெரியவர்கள் 'வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு' என்பதும் இதனாலேயே. சபர் சென்ற இடத்தில் ஒருவர் அவ்விரவு விருந்துக்கு அழைத்தால், தேதியையும் கேட்டு உறுதி செய்து கொள்வது நலம். இல்லையேல் விருந்து முடிந்த மறுநாள் போய் நிற்க நேரும்.

இனி மணி கேட்போம். 'கம் அஸ்ஸாஆ?' என்றால் மணி என்ன? 'அஸ்ஸாஅத்துல் காமிஸா' என்றால் மணி ஐந்து. அத்துடன் 'வ ருபுஉ' சேர்ந்தால் ஐந்தே கால். 'வ நிஸ்ஃப்' சேர்ந்தால் ஐந்தரை. நாலே முக்காலை 'அல்காமிஸா இல்லா ருபுஉ' என்பர். அதாவது ஐந்தில் கால் நீங்கலாக. திருக்கலிமாவில் 'தவிர' என்னும் பொருளில் நாம் மொழியும் அதே 'இல்லா'தான் இது. அதைச் செவிமடுக்கத் தவறியவர் வேலைக்குக் கால்மணி நேரம் பிந்திச் செல்வார்.

நிறைவாக ஒரு சொல்: 'மவ்இத்'. இருவர் சந்திக்கக் குறித்த நேரத்தை இது உணர்த்தும். வாக்குறுதி எனப் பொருள்படும் 'வஅத்' என்பதும் இதன் வேரிலிருந்தே பிறந்தது. நம் நீதிமன்றங்களில் வழங்கும் 'வாய்தா'வும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அரபியரிடம் வாக்குறுதியாக இருந்த சொல், நம்மிடம் தள்ளிப் போடுதலைக் குறிக்கலாயிற்று! 'நாளை, இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லிவிட்டு மறந்து போகும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அல்லாஹ் நாடினால் என்று அவன் பெயரை முன்வைத்துக் கூறிய நேரம் வாய்தாவாகி விடலாமா? சொற்களைக் கற்பதோடு, சொன்ன நேரத்தைக் காப்பதையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக!