எந்த ஆண்டின் பொருள்?

நம் விடுதியில் இரவு பத்து மணிக்குமேல் ஒரு பாராயணம் நடைபெறுகிறது. தேவாரமும் அன்று, திருக்குறளும் அன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்ல விரும்புவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான ஆங்கிலச் சொற்பட்டியல் அது. ஒருவர் சொல்லைக் கூறுவார். அடுத்தவர் பொருளைக் கூறுவார். பழஞ்சொல், அருஞ்சொல், பேச்சில் எவர் வாயிலும் வாராத சொல், எல்லாம் முந்நூறு, நானூறு என்று மூச்சு விடாமல் ஓடும். நானும் இரண்டு ஆண்டுகளாக அக்கூட்டத்தில் குரல் கொடுத்தவன்தான். ஆகையால் அதைக் குறை கூற எனக்கு ஓரளவு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். தோழர்கள் சினம் கொள்ளலாகாது.

எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களையும் ஒப்புமை கேட்கும் வினாக்களையும் அத்தேர்வு 2011ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. ஆயினும் பட்டியல் மட்டும் மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குப் பரம்பரைச் சொத்துப்போல இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. போகட்டும். தேர்வுக்குப் படிப்பது பாவமன்று. என் வழக்கெல்லாம் அந்தப் பட்டியலின் அமைப்பைப் பற்றியதே. இடப்பக்கம் ஒரு சொல். வலப்பக்கம் ஒரு பொருள். நடுவில் ஒரு கோடு. அச்சொல் எங்கே பிறந்தது, எந்த ஆண்டில் அந்தப் பொருளைப் பெற்றது, அதற்குமுன் என்னவாக இருந்தது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

'மாவரிக்' என்றால் யாருக்கும் கட்டுப்படாமல் தன்வழி செல்பவன் என்று ஒப்பிக்கிறோம். டெக்சஸ் நாட்டுப்புறத்தில் சாமுவேல் மாவரிக் என்றொருவர் இருந்தார், 1870இல் இறந்தார், தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி இடாமல் விட்டார், குறியில்லாத கன்றையெல்லாம் ஊரார் அவர் பெயரால் அழைத்தனர் என்பதைப் பட்டியல் சொல்லுவதில்லை. மாவரிக் ஐயாவுக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதரின் பெயர் பொருளாக மாறும் வழி இதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

உங்களுள் சிலரிடம் இப்போது கடவுச்சீட்டு இருக்கும். அதன் முதற்பக்கத்தை எடுத்துப் படியுங்கள். இதை வைத்திருப்பவரை எவ்வித 'லெட்'டும் தடையும் இன்றிச் செல்லவிடுமாறு குடியரசுத் தலைவர் பெயரால் வேண்டுகிறது நம் அரசு. 'லெட்' என்றால் 'விடு' என்றல்லவா ஐந்தாம் வகுப்பில் படித்தோம்? விடாமல் விடுக என்றா அரசு கேட்கிறது? நான் இந்தப் பக்கத்தோடு ஒரு மாலைப்பொழுதைப் போக்கியிருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் ஒலியில் நெருங்கிய இரு வினைகள் இருந்தன. ஒன்றுக்கு 'அனுமதி' என்று பொருள். மற்றொன்றுக்குத் 'தடு' என்று பொருள். நூற்றாண்டுகள் செல்லச்செல்ல இரண்டும் தேய்ந்து ஒரே உருவாகிவிட்டன. தடுக்கும் 'லெட்' வழக்கொழிந்தது. ஆனால் முற்றும் சாகவில்லை. சட்டத் தொடர்களிலும், டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையை உரசி விழும்போது நடுவர் எழுப்பும் குரலிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு இது புதுமையுமன்று. 'நாற்றம்' என்பது ஒருகாலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். சங்கப் பாட்டைப் படிக்கும்போது எந்தக் காலத்து நாற்றம் என்று கேட்கத் தெரிந்த நாம், ஆங்கிலச் சொல்லிடம் மட்டும் அக்கேள்வியைக் கேட்பதில்லை.

கேட்காததால் வந்த வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு விழாவில் நம் நண்பர் ஒருவர் முழங்கினார்: "வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டையில் கால் வைப்பதற்கு நூறாண்டு முன்னரே ஆங்கில மன்னன் நம் கறியை உண்டான்! இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர் தொகுத்த நூலின் பெயரிலேயே 'கறி' இருக்கிறது!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன். பிறகு நூலகத்தில் பார்த்தேன். 1390 அளவில் தொகுக்கப்பட்ட அச்சமையற் குறிப்புகளுக்கு அப்பெயரை இட்டவர் சாமுவேல் பெக் என்பவர். 1780இல் அச்சிட்டபோது இட்டது. அதில் வரும் 'கியூரி' என்பது சமைத்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நம் கறிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் கறி போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலம் போய்ச் சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். சங்க நூல்களில் கறி என்பது மிளகு என்பதையும் அந்நண்பர் மறந்துவிட்டார். இதைச் சொன்னபோது, "தமிழனாக இருந்துகொண்டு நீரே இப்படிப் பேசலாமா?" என்றார். உண்மையான உறவு இத்தனை இருக்கும்போது பொய்யுறவு எதற்கு என்றேன். அவர் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

இனி என் சொந்தத் தவறுக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

சென்ற பொங்கல் விழாவுக்கு 'ஆங்கிலத்துக்குத் தமிழின் கொடை' என்றொரு பெரிய அட்டை எழுதி மன்ற வாயிலில் வைத்தேன். ஆறு சொற்கள். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. (கட்டைகளைப் பிணைத்த நம் மீனவர் மரத்துக்கும் இன்று அவர்கள் அப்பெயரிட்டு ஓட்டும் இரட்டை உடற் படகுக்கும் உருவில் பெரிய ஒற்றுமை இல்லை.) சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. கறியும் இருந்தது. குருந்தம் 'கொரண்டம்' ஆயிற்று. வேதியியல் மாணவனாகிய எனக்கு இது செல்லச் சொல். சார்ல்ஸ் கிரெவில் 1798இல் இலண்டன் அறிவியற் கழக இதழில் இக்கல்லைப் பற்றி எழுதினார். அலுமினியம் ஆக்சைடு படிகமானால் குருந்தம். அதில் குரோமியம் சிறிது கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் உறவுடைய சொல் இது. தனியுரிமை கொண்டாட வேண்டாம். ஆறாவதாக எழுதியது 'பரையா'. பறையர் என்பதிலிருந்து வந்தது என்று அம்புக்குறியும் இட்டு, வண்ணமும் தீட்டினேன்.

முதலாண்டு மாணவர் ஒருவர் அட்டையின்முன் நெடுநேரம் நின்றிருந்தார். தேநீர் கொடுக்கச் சென்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"மற்ற ஐந்தும் பொருள்களின் பெயர், அண்ணே. இது எங்கள் பெயர்."

எனக்கு விடை வரவில்லை. சினந்து பேசியிருந்தால்கூட ஏதாவது வாதாடியிருப்பேன். அவர் தேநீரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு என் பழைய சொற்பட்டியலைப் புரட்டினேன். 'பரையா: ஒதுக்கப்பட்டவன்' என்று என் கையாலேயே எழுதி, இருமுறை கோடிட்டிருந்தேன். விடுதிகளுக்கிடையே நடந்த சொற்போரில், ஒரு நாட்டை உலக அரங்கின் 'பரையா' என்று சாடிப் பரிசும் பெற்றிருக்கிறேன். நான் பிறந்தது திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர். பறையொலி கேட்டு வளர்ந்தவன். எங்கள் தெருவுக்கும் அந்த ஒலி வந்த தெருவுக்கும் எவ்வளவு தொலைவு என்பதை இங்கே நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் பறை இருப்பது இரண்டாண்டுக் காலம் என் செவியில் படவில்லை. பட்டபிறகோ, பெருமையோடு அட்டையில் ஏற்றினேன். இரண்டில் எது பெரிய செவிட்டுத்தனம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் ஆண்டுகளைத் தேடினேன். இச்சொல் ஆங்கிலத்துள் நுழைந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எவராலும் சேர்க்கப்படாதவன் என்ற பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது. யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. (அப்பெயரே ஒரு பிழைச்செவி; முகரத்தின்போது 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் துயரக்குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அப்படிக் குழைந்தது.) பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். சொல்லுக்குச் சரியான பொருள் பறை முழக்குபவர் என்றும், தமிழ் நாட்டின் பெருந்தொகையான சமூகங்களுள் ஒன்றின் பெயர் என்றும் அந்நூல் எழுதிவைத்தது. ஆங்கிலம் அதைப் பொருட்படுத்தவில்லை.

இனிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அதே பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார்: 'பறையன்'. பிறர் இழிவாக வீசிய பெயரை இதழின் தலைப்பிலே பொறித்து ஊருக்குக் காட்டினார். பின்னர், எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் பழைய பெயரை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுத இசைந்தது. ஒருவர் அப்பெயரை ஏந்தினார். மற்றவர் அதை மாற்றக் கோரினார். இரண்டும் அப்பெயருக்கு உரியவர்களே எடுத்த முடிவுகள்.

அறுபது ஆண்டு கழித்து, 1982இல், ராபர்ட் கிரைஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் எந்த வரிசையிலும் அடங்காத 26 எளிய குலங்களை வகைப்படுத்தினார். 'மான்ஸ்டர்' என்னும் மிகப்பெரிய குலத்துக்குள் இருபது இடம்பெற்றன. அவற்றுக்கு 'மகிழ்ச்சிக் குடும்பம்' என்று பெயர். இடம்பெறாத ஆறுக்கு 'பரையாக்கள்' என்று பெயர். கணிதத் துறைத் தோழர்கள் இதை நாள்தோறும் எழுதுகிறார்கள். அவ்வறிஞர் யாரையும் இழிவு செய்ய எண்ணினார் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கோட்டின் வலப்பக்கம் வைத்திருந்த பொருளை அவர் எடுத்துக்கொண்டார். நானும் அதைத்தானே செய்தேன்?

மறுநாளே அட்டையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் அதுவும் அவசரம் என்றே படுகிறது. அந்த மாணவர் அட்டையை எடுக்கச் சொல்லவில்லை. சொல்லை மறைத்தால் என் வெட்கம் தீரும், வேறென்ன நடக்கும்? நாளை வேறொருவர் அதே பட்டியலைப் படித்து, அதே மேடையில் ஏறி, அதே பரிசை வாங்குவார்.

ஆகவே மன்றத்தின்முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வரும் பொங்கலுக்கு அட்டையை மீண்டும் எழுதுவோம். 'கொடை' என்ற தலைப்பு வேண்டாம். எல்லாம் நாம் மனமுவந்து கொடுத்தவை அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது ஆங்கிலம் சென்ற காலம், அங்கே அதற்கு நேர்ந்தது, இங்கே நம்மிடம் அதற்கு இருந்த பொருள் ஆகிய மூன்றையும் எழுதுவோம். இரவுப் பாராயணக்காரர்களும் ஆளுக்கு ஒரு சொல் எடுத்துக்கொண்டு நூலகம் போகட்டும்.

கடந்த வாரம் உணவுக்கூடத்தில் அந்த முதலாண்டு மாணவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஆறாவது சொல்லை மட்டும் தாமே எழுதுவதாகச் சொன்னார். "1893இலிருந்து தொடங்குவேன், அண்ணே; சம்மதமா?" என்று கேட்டார். அட்டை வாங்கி வைத்துவிட்டேன்.